வயிற்றுப்போக்கில் பெருங்குடலின் பங்கு: வேலூர் ஆராய்ச்சி காட்டிய வழி

உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் உயிரைக் காப்பாற்றும். ஆனால் வயிற்றுப்போக்கை நிறுத்தாது. மருத்துவமனைச் சுவரொட்டிகள் முதல் செய்தியைப் பெரிதாகச் சொல்கின்றன. இரண்டாவது செய்தியை வீட்டில் தாய்மார்கள் தாங்களாகவே தெரிந்துகொள்கிறார்கள். “கரைத்துக் கொடுத்தேன், இன்னும் போய்க்கொண்டேதான் இருக்கிறது” என்று ஒரு தாய் சொன்னால் அவர் சொல்வது முழு உண்மை. அந்தக் கரைசல் இழந்த நீரை ஈடுகட்டுகிறது. இழப்பின் அளவைக் குறைப்பதில்லை.

இதை அற்பக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயிற்றுப்போக்கு கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய 61 சதவீதத்தினருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. உடன் கொடுக்க வேண்டிய துத்தநாகம் (ஜிங்க்) கிடைத்தவர்கள் சுமார் 31 சதவீதம். கரைசலின் விலையோ மிகக் குறைவு. அது கிடைக்காத ஊரும் இன்று அரிது. அப்படியிருந்தும் இந்த இடைவெளி நீடிப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. போக்கு நிற்கவில்லை என்பதால் குடும்பங்கள் கரைசல்மீது நம்பிக்கை இழந்து, நிறுத்தும் மாத்திரையைத் தேடிப் போவது அவற்றில் முக்கியமானது.

ஓ.ஆர்.எஸ்.ஸின் இந்தக் குறையைக் குடலின் இயக்கத்திலிருந்தே புரிந்துகொண்டு தீர்க்க முயன்றவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய குடல்நோய் ஆராய்ச்சியாளர் பி.எஸ். ராமகிருஷ்ணா. அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். எல்லாவற்றையும் இங்கே தொட முடியாது. 1982இலிருந்து 2016வரை வெளியான சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவற்றைத் தொடர்ந்து வாசித்தால் ஒரே கேள்வி ஊடாக ஓடுவது தெரியும்: சிறுகுடல் உறிஞ்சாமல் விட்டது பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தபின் என்ன செய்கிறது?

முதலில் சற்றுக் கணக்கு. நாம் குடிப்பதும் உண்பதுமாக ஒரு நாளில் உள்ளே போகும் நீர் சுமார் இரண்டு லிட்டர். உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணைய நீர், குடல் சுரப்பு என்று உடலே அதனுடன் ஏழு லிட்டர் வரை சேர்க்கிறது. இந்த ஒன்பது லிட்டரில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்ள, ஒன்றரை லிட்டர் அளவே பெருங்குடலுக்குப் போகிறது. மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டும். தேவை ஏற்பட்டால் பெருங்குடல் ஒரு நாளில் நான்கைந்து லிட்டர்வரை உறிஞ்சக்கூடியது. அதாவது, சாதாரண நாட்களில் அதன் திறனில் பெரும்பகுதி பயன்படாமலே இருக்கிறது.

காலராவில் சிறுகுடல் நீரை உறிஞ்சுவதை விட்டுவிட்டு வெளியே கொட்டத் தொடங்குகிறது. காலராக் கிருமியின் நஞ்சு, உயிரணுக்களுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் பொருளின் அளவைக் கூட்டி, குளோரைடு வெளியேறும் வழிகளைத் திறந்துவிடுகிறது. குளோரைடின் பின்னால் சோடியமும், அதன் பின்னால் நீரும் வெளியேறுகின்றன. கடுமையாகத் தாக்கப்பட்டவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீரைக்கூட இழப்பார். ஆனாலும் அந்த நஞ்சு தொடாமல் விட்ட பாதை ஒன்று சிறுகுடலில் இருக்கிறது. குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்று உள்ளே போகும்போது இரண்டு சோடியம் அயனிகளையும் சேர்த்து இழுத்துச் செல்லும் புரதம் அது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே நுழைகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகர மாநாட்டில் முன்வைத்தார். அந்தப் பாதையைப் பயன்படுத்தும் வாய்வழிக் கரைசலை 1968இல் டாக்காவில் டேவிட் நளினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளிடம் சோதித்து நிறுவினார்கள். 1971இல் வங்க அகதிகள் குவிந்த பன்கான் முகாமில் திலீப் மகலனாபிஸ் அதைப் பெரும் அளவில் பயன்படுத்தியபோது, முப்பது சதவீதம் அளவிலிருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. நான் கவனிக்கச் சொல்வது வேறு: இந்தக் கதை முழுவதும் சிறுகுடலிலேயே நடக்கிறது. பெருங்குடல் அதில் இடம்பெறவே இல்லை.

அந்த உறுப்பின்மீது வேலூரில் கவனம் திரும்பியதற்கு முன்கதை இருக்கிறது.

1950களில் செல்வின் பேக்கர் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவைக் கட்டியெழுப்பினார். பின்னாளில் அது வெல்கம் ஆராய்ச்சிப் பிரிவு என்று அறியப்பட்டது. வி.ஐ. மாதன் அவருடன் இணைந்தார். அவர்கள் முன்னால் இருந்த நோய் வெப்பமண்டல ஸ்ப்ரூ. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும் வயிற்றுப்போக்கு, நாக்குப் புண், இரத்தசோகை, உடல் உருகி எலும்பும் தோலுமாகும் நிலை. கொழுப்பு செரிக்காமல் வெளியேறும். ஃபோலிக் அமிலமும் பி-12ம் உடலில் ஏறாது. 1759இல் பார்படோஸ் தீவில் வில்லியம் ஹில்லரி இத்தகைய நோயை விவரித்திருந்தார். வெள்ளைக்காரர்கள் வெப்ப நாடுகளுக்குப் போய் வாங்கிவரும் நோய் என்ற கோணத்தில்தான் ஐரோப்பிய மருத்துவம் அதை நெடுங்காலம் பார்த்தது. வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் அது கொள்ளைநோயாகவே பரவுவதை 1960களின் தொடக்கத்தில் பேக்கரும் மாதனும் பதிவு செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்து, பிறகு மற்றவருக்கு, பிறகு அடுத்த வீட்டுக்கு என்று அது நகர்ந்த விதம், இதன் பின்னால் தொற்று இருக்க வேண்டும் என்பதைக் காட்டியது. எந்தக் கிருமி என்பதை உறுதியாகச் சொல்ல இன்றுவரை முடியவில்லை.

அந்த ஆய்வுகளில் வெளிப்பட்ட இன்னொரு செய்தி, என் பார்வையில், நோயைவிடவும் கவலை தருவது. நோய் ஏதும் இல்லை என்று நடமாடிய கிராமத்து மக்களின் சிறுகுடலும் முழு நலத்துடன் இல்லை. சிறுகுடலின் உட்சுவரில், நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் நாற்றுகளைப் போல, குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. உணவுச் சத்துகளை உள்ளே வாங்கும் பரப்பு அதுதான். எண்டோஸ்கோபி வராத அந்தக் காலத்தில் அதைப் பார்க்க, மெல்லிய குழாயின் முனையில் பொருத்திய உலோகக் குமிழை நோயாளி விழுங்க வேண்டும். குமிழ் சிறுகுடலை அடைந்தபின் குழாயில் காற்றை உறிஞ்சினால், உள்ளே இருக்கும் கத்தி சுழன்று சுவரிலிருந்து துணுக்குச் சதையை வெட்டி எடுக்கும். அப்படி எடுத்த துணுக்கில், ஆரோக்கியமானவர்களிடமும் குடலுறிஞ்சிகள் குட்டையாகவும் அகன்றும் ஒன்றோடொன்று ஒட்டியும் காணப்பட்டன. சைலோஸ் என்னும் சர்க்கரையைக் குடிக்கவைத்து, ஐந்து மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து, அதில் எவ்வளவு வெளிவருகிறது என்று அளப்பது உறிஞ்சும் திறனைக் கணிக்கும் வழி. அந்த அளவும் குறைவாகவே இருந்தது.

இது நம் இனத்தின் இயல்பு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அன்றைய பாகிஸ்தானில் தங்கிய அமெரிக்கத் தன்னார்வலர்களுக்கும் இதே மாற்றம் ஏற்பட்டது. ஊர் திரும்பியபின் சரியானது. நியூயார்க்கில் குடியேறிய இந்தியர்களின், பாகிஸ்தானியரின் குடலும் காலப்போக்கில் தேறியதை 1971இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, குடலைக் கெடுத்தது சுற்றுப்புறம்: அசுத்தமான நீர், மீண்டும் மீண்டும் வரும் தொற்று. தட்டில் போடும் சோற்றைக் கூட்டினால் மட்டும் குழந்தை வளர்ந்துவிடாது, அதை வாங்கிக்கொள்ளும் குடலும் வேண்டும் என்ற உண்மை இங்கிருந்துதான் வலுப்பெற்றது. கழிப்பறையையும் குடிநீர்க் குழாயையும் ஊட்டச்சத்துத் திட்டத்தின் பகுதியாக நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

வேலூர் பிரிவு சிறுகுடல் பாக்டீரியாக்களையும் விடவில்லை. தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி-12 வைட்டமினைத் தயாரிக்க வல்லவை என்று ஆல்பர்ட், மாதன், பேக்கர் மூவரும் 1980இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பால் தவிர வேறு விலங்குணவு தொடாத பலரிடம் அந்த வைட்டமின் குறைபாடு எதிர்பார்த்த அளவு ஏன் இல்லை என்ற புதிருக்கு அது ஒரு சாத்தியமான விடை.

இந்தச் சூழலில்தான் ராமகிருஷ்ணாவின் முதல் முக்கியக் கட்டுரை 1982இல் மாதனுடன் சேர்ந்து ‘கட்’ (Gut) என்ற குடல்நோய் ஆய்விதழில் வந்தது. ஸ்ப்ரூ சிறுகுடலின் நோய் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அந்த நோயாளிகளின் பெருங்குடலும் நீரையும் உப்பையும் சரிவர உறிஞ்சுவதில்லை என்று இவர்கள் அளந்து காட்டினார்கள். தொடர்ந்து வேலூரிலிருந்து வந்த ஆய்வுகள் காரணத்தை நோக்கி நகர்ந்தன. சிறுகுடல் உறிஞ்சாமல் விட்ட கொழுப்பு அமிலங்கள் பெருங்குடலுக்குள் வந்து, அங்கே சோடியத்தை நகர்த்தும் இயக்கத்துக்கு இடையூறு செய்கின்றன. மேலே நேர்ந்த பழுது கீழேயும் பழுதை உண்டாக்குகிறது. ஸ்ப்ரூ நோயாளியின் வயிற்றுப்போக்கு அவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இரண்டு குடல்களும் சேர்ந்தே காரணமாகின்றன.

உறிஞ்சப்படாமல் வந்து சேரும் கொழுப்பு தீங்கு செய்கிறது. உறிஞ்சப்படாமல் வரும் மாவுச்சத்து என்ன செய்யும்? அதன் விளைவு நேர் எதிரானது.

நாம் உண்ணும் மாவுச்சத்து முழுவதும் சிறுகுடலில் செரித்துவிடுவதில்லை. ஒரு பகுதி தப்பிப் பெருங்குடலை அடைகிறது. அங்கே காற்றில்லாச் சூழலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் மூன்று சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்று இவற்றைச் சொல்வார்கள். சிறுகுடலிலிருந்து செரிக்காமல் வந்த நெடுஞ்சங்கிலிக் கொழுப்போடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குணம் முற்றிலும் வேறு. பெருங்குடல் உட்சுவர் உயிரணுக்களுக்கு பியூட்டிரேட்தான் முதன்மை எரிபொருள். இந்த அமிலங்கள் உள்ளே உறிஞ்சப்படும்போது சோடியத்தையும் நீரையும் கூட்டிக்கொண்டு போகின்றன. இன்னும் முக்கியமாக, காலரா நஞ்சு மற்ற வழிகளை அடைத்தாலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. சிறுகுடலில் குளுக்கோஸ் செய்யும் வேலையைப் பெருங்குடலில் இவை செய்கின்றன என்று கொள்ளலாம்.

1993இல் ராமகிருஷ்ணாவும் மாதனும் இதை நோயாளிகளிடம் அளந்தார்கள். திடீர் வயிற்றுப்போக்கு கண்டவர்களின் மலத்தில் குறுஞ்சங்கிலி அமிலங்கள் முதல் நாளில் மிகக் குறைவாக இருந்தன. குணமாக ஆக அளவு ஏறியது. நோயின்போது பெருங்குடலின் கீழ்ப்பகுதி நீரை உறிஞ்சும் திறனை இழந்திருந்தது. அதே இடத்தில் குறுஞ்சங்கிலி அமிலங்கள் கலந்த திரவத்தை வைத்தபோது உறிஞ்சுதல் மீண்டது.

நம் வீடுகளில் ‘வயிற்றைக் காயப்போடு’ என்று சொல்லும் வழக்கத்தை இந்த முடிவின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்ததும் உணவை நிறுத்தினால், வெளியேறும் நீர் ஏற்கெனவே பாக்டீரியாக்களை அடித்துச் செல்லும் நேரத்தில், மிஞ்சியவற்றுக்கும் தீனி கிடைக்காமல் போகிறது. காரணமில்லாமல் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை அந்த பாக்டீரியாக்களையே அழிக்கிறது. பெருங்குடல் தன் கையிருப்புத் திறனைக் காட்ட வேண்டிய நேரத்தில் இரண்டு வகையிலும் அதன் கையைக் கட்டிப்போடுகிறோம்.

அடுத்த படி இயல்பாகவே வந்தது. குறுஞ்சங்கிலி அமிலங்களை வாய்வழி கொடுத்தால் அவை பெருங்குடல்வரை போகாது, வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தைக் கொடுத்தால்? அது நேரே பெருங்குடலில் இறங்கும், பாக்டீரியாக்கள் அங்கேயே அமிலத்தைத் தயாரிக்கும். இதற்குப் பொருத்தமானது, மாவுச்சத்தின் ஒரு கூறான அமைலோஸ் மிகுந்த மக்காச்சோள மாவு. மாவுச்சத்தில் அமைலோஸ் கூடக்கூட அதன் மூலக்கூறுகள் இறுக்கமாக அடுக்கிக்கொள்ளும். மாவுச்சத்தைச் செரிக்கவைக்கும் அமைலேஸ் நொதியால் அவற்றை எளிதில் உடைக்க முடியாது.

அந்தச் சோதனை வேலூரில் காலரா நோயாளிகளிடம் நடந்து, 2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. அமெரிக்காவின் ஹென்றி பைண்டரும் ஆஸ்திரேலியாவின் கிரேம் யங்கும் ராமகிருஷ்ணாவுடன் இணைந்திருந்தார்கள். வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களுமாக 48 பேர், 16 பேர் கொண்ட மூன்று குழுக்கள். முதல் குழுவுக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ். இரண்டாவது குழுவுக்கு அதனுடன் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாவது குழுவுக்கு லிட்டருக்கு 50 கிராம் அமைலோஸ் மிகுந்த மக்காச்சோள மாவு.

அரிசி மாவுக் குழுவைச் சேர்த்ததில்தான் இந்த ஆய்வின் கூர்மை இருக்கிறது. அரிசிக் கஞ்சி அடிப்படையிலான கரைசல் காலராவில் போக்கைக் குறைக்கும் என்பது முன்பே தெரியும். ஆனால் வெந்த அரிசி மாவு பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்து, மெல்ல மெல்லக் குளுக்கோஸாக மாறுகிறது. மக்காச்சோள மாவு வெறும் மாவாக இருப்பதால் பலன் தருகிறதா, பெருங்குடலை அடைவதால் பலன் தருகிறதா என்பதைப் பிரித்தறிய அரிசி மாவுக் குழு தேவைப்பட்டது.

காலரா ஆய்வுகளில் வெளியேறும் மலத்தைச் சேகரித்து எடைபோடுவார்கள். கருத்துக்கு இடமில்லாத அளவீடு அது. முதல் 12 மணி நேரத்துக்குப் பிறகு மக்காச்சோள மாவுக் குழுவின் மல எடை வழக்கமான கரைசல் குழுவைவிடத் தெளிவாகக் குறைந்தது. மாவு இறங்கிப் பெருங்குடலை அடைந்து நொதிக்க வேண்டுமல்லவா, அந்தத் தாமதமும் கருதுகோளோடு பொருந்துகிறது. வயிற்றுப்போக்கு நீடித்த சராசரி நேரம் வழக்கமான கரைசலில் 90.9 மணி, அரிசி மாவில் 70.8 மணி, மக்காச்சோள மாவில் 56.7 மணி. ஏறத்தாழ ஒன்றரை நாள் மிச்சம். உயிரைக் காத்த கரைசல் இப்போது தாய் கேட்டதையும் செய்யத் தொடங்கியது.

2006இல் வேலூர்க் குழு குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. கரைசலுடன் செரிக்காத மாவுச்சத்து பெற்ற குழந்தைகளுக்கு மலம் கெட்டிப்பட எடுத்த நேரம் குறைந்தது. இதற்கிடையே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002இல் ஓ.ஆர்.எஸ். கலவையை மாற்றியிருந்தன, லிட்டருக்கு 90 மில்லிமோல் இருந்த சோடியம் 75 ஆகவும், 111 இருந்த குளுக்கோஸ் 75 ஆகவும் குறைந்தன. கரைசலின் மொத்தச் செறிவு 311இலிருந்து 245க்கு இறங்கியது. அப்படியானால் புதிய கலவையோடு ஒப்பிட்டாலும் மாவுச்சத்து பலன் தருமா? 2008இல் வெளியான ஆய்வு அதைச் சோதித்தது. காலரா போன்ற கடும் வயிற்றுப்போக்கு கண்ட ஆண்கள் 50 பேரில், மாவுச்சத்துக் கரைசல் பெற்றவர்களுக்குப் போக்கு நீடித்த நேரம் 55 சதவீதம் குறைந்தது.

இவ்வளவு நல்ல முடிவுகளுக்குப் பிறகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நமக்குக் கிடைப்பது மாவுச்சத்து சேராத கலவைதான். உலக சுகாதார நிறுவனம் அதைச் சேர்க்கவில்லை. இதில் எனக்கு ஆதங்கம் உண்டு. ஆனால் நிறுவனத்தின் தயக்கத்தைக் காரணமற்றது என்றும் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன பெரியவர்கள் ஆய்வுகள் சிறியவை. காலராவில் கிடைத்த அளவு பலன், சின்னக் குழந்தைகளைத் தாக்கும் ரோட்டா வைரஸ் போன்ற பிற வயிற்றுப்போக்குகளிலும் கிடைக்கும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நடைமுறைச் சிக்கல்களும் இருக்கின்றன. லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் சாதாரண உப்பு 2.6 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், மொத்தமே 20.5 கிராம். அதனுடன் 50 கிராம் மாவு சேர்ந்தால் பொட்டலத்தின் எடை மூன்று மடங்கைத் தாண்டும். அந்த மாவு நீரில் கரைவதில்லை. அடியில் தங்கும், ஒவ்வொரு முறையும் கலக்கிக் கொடுக்க வேண்டும். தேவையான மக்காச்சோளமும் இதற்கென்றே உருவாக்கிய சிறப்பு ரகம். நம் வயல்களில் விளையும் சாதாரண மக்காச்சோளமல்ல. இவை தீர்க்க முடியாத தடைகளல்ல. பல நாடுகளில், பல்லாயிரம் குழந்தைகளிடம் நடத்தும் பெரிய ஆய்வுக்கும் பொட்டலத் தயாரிப்புக்கும் யாராவது பணம் போட வேண்டும். ஏழைகளின் நோய்க்கான, காப்புரிமை லாபம் தராத மருந்துக்கு அந்தப் பணம் எளிதில் வருவதில்லை.

டாக்காவில் வேறொரு பொருளில் இதே கருத்தைச் சோதித்தார்கள். ஜி.எச். ரப்பானியின் குழு, நாட்பட்ட வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்கு வேகவைத்த பச்சை வாழைக்காயைச் சோற்றுணவில் கலந்து கொடுத்தது. போக்கு குறைந்ததை 2001இல் வெளியிட்டார்கள். பழுக்காத வாழைக்காயில் செரிக்காத மாவுச்சத்து நிறைய இருக்கிறது. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாகிவிடும். வேகவைத்து ஆறிய சோற்றிலும் மாவுச்சத்தின் ஒரு பகுதி மீண்டும் இறுகி, செரிக்காத வகையாக மாறுகிறது. பழைய சோற்றின் பெருமை பேசுவோர் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். வேதியியல் உண்மைதான். ஆனால் இரவு முழுவதும் நீரில் ஊறிய சோற்றில் தண்ணீர் சுத்தமில்லையென்றால் வேறு கிருமியும் வளரும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு அதை மருந்தாகக் கொடுக்க எந்த ஆய்வும் பரிந்துரைக்கவில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசலுக்குள் வீட்டு மாவைத் தாமாகக் கலப்பதும் வேண்டாம். உப்பின் செறிவு தவறினால் ஆபத்து. இன்றைய நிலையில் செய்ய வேண்டியது எளிது: பொட்டலத்தில் சொன்ன அளவு நீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ்., 10 முதல் 14 நாட்கள் துத்தநாகம், தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தாமல் கொடுப்பது. குழைந்த சோறு, கஞ்சி, மசித்த வாழைக்காய் எல்லாம் அந்த உணவில் தாராளமாக இடம்பெறலாம்.

சத்தை உறிஞ்சாத குடலைப் பற்றி இன்னொரு திசையிலிருந்தும் ராமகிருஷ்ணாவின் ஆய்வு வந்தது. அது கோதுமையைப் பற்றியது.

கோதுமையிலும் பார்லியிலும் ரையிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதம், சில மரபணு வகைகள் உள்ளவர்களிடம், நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தன் சிறுகுடலுக்கு எதிராகவே திருப்பிவிடுகிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. சீலியாக் நோய் என்பது இதுதான். அறிகுறிகள் ஸ்ப்ரூவைப் போலவே இருக்கும்: வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, எடை இழப்பு. எச்.எல்.ஏ. டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபணு வகை இல்லாதவருக்கு இந்நோய் வருவது மிக மிக அரிது.

வட இந்தியாவில் இந்நோய் சாதாரணம் என்பது தெரிந்திருந்தது. தெற்கில் மருத்துவர்கள் அதை அதிகம் கண்டதில்லை. தெற்கில் நோயே இல்லையா, தேடாததால் தெரியவில்லையா? டெல்லியின் கோவிந்த் மகாரியா உள்ளிட்டவர்களோடு சேர்ந்து ராமகிருஷ்ணா நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் ஆரோக்கியமான பெரியவர்கள் 23,331 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. சீலியாக் நோய் வடக்கில் ஆயிரத்துக்கு 8.53 பேர், வடகிழக்கில் 4.66 பேர், தெற்கில் 0.11 பேர். தெற்கில் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்கு.

மரபணுவில் வேறுபாடு இருக்குமோ என்று பார்த்தால், இல்லை. நோய்க்கு இடம்தரும் எச்.எல்.ஏ. வகைகள் வடக்கில் 38.1 சதவீதத்தினரிடமும், வடகிழக்கில் 31.4 சதவீதத்தினரிடமும், தெற்கில் 36.4 சதவீதத்தினரிடமும் இருந்தன. வடக்கும் தெற்கும் ஏறக்குறைய சமம். பெரிய வேறுபாடு தட்டில் இருந்தது. சராசரியாக ஒருவர் ஒரு நாளில் உண்ட கோதுமை வடக்கில் 455 கிராம், வடகிழக்கில் 37 கிராம், தெற்கில் 25 கிராம்.

இந்த எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். தெற்கும் வடகிழக்கும் உண்ணும் கோதுமையில் 12 கிராம்தான் வித்தியாசம். நோயிலோ நாற்பது மடங்கு வித்தியாசம். கோதுமை மட்டுமே முழு விளக்கமாக இருக்க முடியாது; பிற மரபணுக்கள், குடல் பாக்டீரியாக்கள், சிறுவயதுத் தொற்றுகள் என்று வேறு காரணிகளுக்கும் பங்கிருக்கலாம். ஆனாலும் நமக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி இருக்கிறது. தமிழ்நாட்டில் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த மரபணு வகை இருக்கிறது. சப்பாத்தியும் பரோட்டாவும் ரொட்டியும் பிஸ்கட்டும் நம் உணவில் கூடிக்கொண்டே போகின்றன. மரபணு உள்ள எல்லோருக்கும் நோய் வராது. வடக்கிலேயே மிகச் சிலருக்குத்தான் வருகிறது. தெற்கின் எண்ணிக்கை இனியும் இதே அளவில் நிற்குமா என்பதை அறிய, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதே கணக்கெடுப்பை மறுபடி நடத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்றைக்கு, நோய் ஏதும் இல்லாத பலர் குளூட்டன் இல்லா உணவு நல்லது என்று கேள்விப்பட்டு அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். சீலியாக் நோய் இருக்குமோ என்று சந்தேகிப்பவர்கள், பரிசோதனைக்கு முன்பே கோதுமையை விட்டுவிடுவதுதான் செய்யக்கூடாத முதல் காரியம். கோதுமையை நிறுத்தினால் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பான்கள் குறைந்து, குடலுறிஞ்சிகளும் தேறத் தொடங்கி, நோய் இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போய்விடும். இரத்தப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோபி வழியாக எடுக்கும் திசுப் பரிசோதனை, அதன்பின் உணவு மாற்றம் என்பதே சரியான வரிசை.

குடல் சத்தை உறிஞ்சாமல் மெலிந்துவரும் தென்னிந்திய நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் இரண்டு நோய்களையும் மனத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. 2011இல் வேலூரிலிருந்து வெளியான மற்றொரு ஆய்வில், அங்கே வந்த சத்து உறிஞ்சாக் கோளாறுகளில் ஸ்ப்ரூதான் இன்னும் முதலிடத்தில் இருந்தது. கிராமங்களை வாரிச் சுருட்டிய அந்தக் கொள்ளைநோய் மறைந்துவிட்டாலும், தனித்தனி நோயாளிகளிடம் அது தொடர்கிறது. டெட்ராசைக்ளின் வகை மருந்தும் ஃபோலிக் அமிலமும் பி-12ம் சில மாதங்கள் கொடுத்தால் ஸ்ப்ரூ குணமாகும். சீலியாக் நோய்க்கு அந்த மருந்துகளால் பயனில்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்க வேண்டும். நுண்ணோக்கியின் கீழ் இரண்டிலும் குடலுறிஞ்சிகள் தேய்ந்தே தெரியும். அதனால் திசுவை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல், எதிர்ப்பான் பரிசோதனையையும் சிகிச்சைக்குக் குடல் எப்படித் தேறுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தே எந்த நோய் என்று முடிவு செய்கிறார்கள்.